ஓக்லாந்து கொலீசியத்துக்கு ஒரு கடைசி ட்ரிப்

திங்கள், செப்டம்பர் 23, 2024 - டல்லாஸ்

லீவ் கேட்டப்போ பர்சனல்னு மட்டும்தான் போட்டேன், மேனேஜர் விடல, என்ன விசேஷம்னு கேட்டார், சொன்னேன், சிரிச்சிட்டார். ரேஞ்சர்ஸ் பேஸ்பால் மேட்ச் பாக்கறதுக்கா கலிஃபோர்னியா போற, இங்க ஆர்லிங்டன்லயே கூரை போட்டு ஏசி வச்ச ஸ்டேடியம் இருக்கே, போன வருஷம் கப் அடிச்ச டீம் அதுலதானே ஆடுதுன்னார். எல்லாம் சரிதான் சார். நான் ரேஞ்சர்ஸுக்காகப் போகல, அவங்க எதிர்ல ஆடப்போற டீமுக்காகக்கூட பாதிதான் போறேன், மீதி பாதி அந்த கிரவுண்டுக்காகன்னு சொன்னா அவருக்குப் புரியப்போறதில்ல, அதனால சிரிச்சி வச்சிட்டு வந்துட்டேன்.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். ஓக்லாந்து அத்லெடிக்ஸ், எல்லாரும் கூப்பிடறது ஏஸ். 1968ல கான்சாஸ் சிட்டில இருந்து ஓக்லாந்துக்கு வந்த பேஸ்பால் டீம். 1972, 73, 74ன்னு தொடர்ந்து மூணு வருஷம் வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சவங்க, அப்புறம் 1989ல ஒண்ணு. வர்ற வியாழக்கிழமையோட அந்த ஊர்ல அவங்க கணக்கு முடியுது. அடுத்த சீசன்ல இருந்து சாக்ரமென்டோல ஒரு மைனர் லீக் கிரவுண்டுல ஒண்டிக்குவாங்களாம், 2028ல லாஸ் வேகாஸ்ல புது ஸ்டேடியம் வருமாம். ஏற்கனவே வாரியர்ஸ் பாஸ்கெட்பால் டீம் 2019ல பே பிரிட்ஜைத் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோ போயாச்சு, அதுக்கு அடுத்த வருஷம் ரெய்டர்ஸ் ஃபுட்பால் டீம் வேகாஸ் போயாச்சு. மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்.

இன்னைக்குப் பாத்து ஓனர் ஜான் ஃபிஷர் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் விட்டிருக்கார். கேப் துணிக்கடை ஆரம்பிச்ச குடும்பத்துப் பிள்ளை. முயற்சி பண்ணோம், நடக்கல, வருத்தமா இருக்குங்கற ரீதியில போகுது. பெட்டி அடுக்கிட்டே படிச்சேன். பாதிக்கு மேல படிக்கப் பிடிக்கல, மூடி வச்சிட்டு பச்சை ஜெர்சி எங்கன்னு தேட ஆரம்பிச்சிட்டேன்.

செவ்வாய், செப்டம்பர் 24 - ஓக்லாந்து

ஃப்ரீமான்ட்ல நண்பன் வீட்டுல பெட்டியைப் போட்டுட்டு, அவன் வைஃப் குடுத்த காபியை நின்னுக்கிட்டே குடிச்சிட்டு, நேரா பார்ட் ட்ரெயின். கூட அவனும் அவனோட பொண்ணும். பொண்ணு நாலாங்கிளாஸ் படிக்குது, ஸ்கூல்ல எல்லாரும் வாரியர்ஸ் ஃபேனாம், இவ மட்டும் ஏஸ்னு சொன்னா பசங்க கிண்டல் பண்றாங்களாம். கெத்தா சொல்லுமான்னேன். யாரு ஜெயிக்கறாங்களோ அவங்களுக்கு ஃபேனா இருக்கறதுல என்ன இருக்கு, போன வருஷம் 162 மேட்ச்ல 112 தோத்த டீமுக்கு இருந்து காட்டட்டும் பாப்போம்.

கொலீசியம் ஸ்டேஷன்ல இறங்கினா ஸ்டேடியம் வரைக்கும் ஒரு நீள நடைபாலம். ரெண்டு பக்கமும் கம்பி வலை, கீழ தண்டவாளம், ஷெட்டு, லாரி. உலகத்துலயே அழகில்லாத பாலத்துக்குப் போட்டி வச்சா இது ஃபைனல் வரைக்கும் போகும். ஆனா மேட்ச் நாள்ல அதுல நடந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். பாலம் நெடுக தள்ளுவண்டி போட்ட அக்காங்க, பேக்கன் சுத்தின ஹாட் டாக், தட்டுல வெங்காயமும் குடைமிளகாயும் கருகக் கருக வதங்கற வாசனை, ஐஸ்ல போட்ட தண்ணி பாட்டில், கலர் கொஞ்சம் தப்பான டூப்ளிகேட் டி-ஷர்ட். உள்ள ஒரு பீருக்கு வாங்கற காசுக்கு இங்க ரெண்டு பேர் வயிறு நெறையும். இன்னைக்கு எல்லாரும் மெதுவா நடந்தாங்க. வழக்கமா ஓடுவோம்.

வெளிய இருந்து பாத்தா இவ்ளோதானா ஸ்டேடியம்னு தோணும். ஏன்னா பாதி பூமிக்குள்ள இருக்கு. ஆடற தரை கடல் மட்டத்துக்கு 21 அடி கீழ. கேட்டைத் தாண்டி நடந்தா படி மேல ஏறாது, கீழ இறங்கும், சிமெண்ட் நடைவழியோட இருட்டுல இருந்து திடீர்னு அவ்ளோ பச்சையும் ஒண்ணா கண்ணுல அடிக்கும். நான் அமெரிக்கா வந்த புதுசுல, சம்பளத்துல பாதி வாடகைக்குப் போன காலத்துல, வேற எந்த விளையாட்டுக்கும் டிக்கெட் விலையைப் பாத்தாலே தலை சுத்தும், இங்க மட்டும் ஒரு சினிமா டிக்கெட் காசுக்கு உள்ள விட்டாங்க. சாப்பாடும் கையோட கொண்டு போலாம். புளியோதரை டப்பாவைத் திறந்தா பக்கத்து சீட்டு மெக்சிகன் தாத்தா எட்டிப் பாத்து என்னதுன்னு கேப்பார், ஒரு ஸ்பூன் குடுத்தா அவர் கையில இருக்கற சூரியகாந்தி விதையை நீட்டுவார். சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்துக்கும் போயிருக்கேன், கடலோரமா, செங்கல் கட்டி, படம் மாதிரி இருக்கும். அங்க போனா விருந்தாளி மாதிரி உக்காந்துட்டு வருவேன். இங்கதான் கத்துவேன்.

நேரா எதிர்ல மவுன்ட் டேவிஸ். சென்டர் ஃபீல்டுக்குப் பின்னாடி நிக்கற அந்த சிமெண்ட் மலைக்கு ரெய்டர்ஸ் ஓனர் அல் டேவிஸ் பேரை ஜனங்களே கிண்டலா வச்சாங்க. ரெய்டர்ஸ் லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து திரும்பி வர்றதுக்காக 1995-96ல கட்டினது. அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் தெறந்த வெளி, ஓக்லாந்து மலைகள் தெரியுமாம், பழைய ஃபோட்டோல பாத்தாலே வயிறு எரியும். பேஸ்பாலுக்கு அந்த ஸ்டாண்டோட மேல் அடுக்கு தேவையே இல்ல, தார்பாய் போட்டு மூடியே வச்சிருக்காங்க, நம்ம சேப்பாக்கத்துல ஐ, ஜே, கே ஸ்டாண்டை வருஷக்கணக்கா பூட்டி வச்சிருந்த மாதிரி. இதுல கூத்து என்னன்னா, அதைக் கட்டி முடிக்க லேட்டானதால 1996 சீசன் ஆரம்பத்துல ஏஸ் சில மேட்ச் வேற ஊர்ல ஆட வேண்டியதாச்சு. எந்த ஊர்? லாஸ் வேகாஸ். விதி அப்பவே ஒத்திகை பாத்திருக்கு.

மேட்ச் பத்தி: கடைசி இன்னிங்ஸ்ல புதுப்பையன் ஜேக்கப் வில்சன் அடிச்சு 5-4ன்னு ஜெயிச்சாச்சு. ரைட் ஃபீல்டு ப்ளீச்சர்ஸ்ல ட்ரம் நிக்கவே இல்ல. நண்பன் பொண்ணு தொண்டை கட்டி, திரும்பி வர்ற ட்ரெயின்ல சைகையிலயே பேசிட்டு வந்துது.

புதன், செப்டம்பர் 25 - ஓக்லாந்து

இன்னைக்கும் நைட் மேட்ச்தான், சீக்கிரமே உள்ள போய் ஸ்டேடியத்தை ஒரு ரவுண்டு வந்தேன். எங்க பாத்தாலும் என்னை மாதிரியே ஆளுங்க, மேட்சைப் பாக்காம சுவரைப் பாத்துட்டு நிக்கறாங்க. ஒருத்தர் தன்னோட சீட்டு நம்பரை ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தார், தகடு தேஞ்சு நம்பரே சரியா தெரியல, நாலு ஆங்கிள்ல எடுத்தார், சட்டைக் கையால தொடைச்சிட்டு மறுபடியும் எடுத்தார். சீட்டுக்கு வழி காட்டற வயசான அஷர் ஒருத்தர் கிட்ட எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கன்னு கேட்டேன், பதில் சொல்ல வாயைத் திறந்தார், அதுக்குள்ள வேற ஒரு குடும்பம் வந்து கட்டிப்பிடிச்சிடுச்சு. அவருக்கு இன்னைக்குப் பூரா அதுதான் வேலை.

கிரிக்கெட் பாத்து வளர்ந்தவங்களுக்கு இந்த கிரவுண்டுல ஒரு விஷயம் சட்டுனு கண்ணுல படும். பேஸ்பால்ல கோட்டுக்கு வெளிய போற பந்து ஃபவுல், ஆனா அது தரையில விழறதுக்கு முன்னாடி பிடிச்சிட்டா பேட்டர் அவுட். மத்த ஸ்டேடியத்துல கோட்டை ஒட்டியே சீட்டு, பந்து ஜனங்க மடியில விழும், பேட்டர் தப்பிச்சார். இங்க ஃபுட்பாலுக்கும் சேர்த்துக் கட்டினதால ரெண்டு பக்கமும் ஏக்கர் கணக்குல காலி இடம், பெரிய லீக்லயே பெரிய ஃபவுல் ஏரியா, ஃபீல்டர் ஓடி ஓடிப் பிடிச்சிடுவார். பேட்டிங் ஆவரேஜ் இங்க அடி வாங்கும், பிட்சர்களுக்கு, அதாவது பந்து போடறவங்களுக்கு, கொண்டாட்டம். கேட்ஃபிஷ் ஹன்டர் 1968 மே 8ம் தேதி இங்க பெர்ஃபெக்ட் கேம் போட்டார், அதாவது எதிர் டீம்ல ஒருத்தரைக்கூட முதல் பேஸைத் தொட விடல. டீம் ஊருக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகல. 2010ல டல்லாஸ் பிரேடன் போட்டார், அன்னைக்கு அன்னையர் தினம், அம்மாவை இழந்த பையன், பாட்டி ஸ்டாண்ட்ஸ்ல உக்காந்து பாத்தாங்க. கதையா எழுதினா ஓவரா இருக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்க.

எல்லா கிரவுண்டுலயும் ஜனங்க எழுந்து கை தூக்கி உக்காருவாங்களே, அந்த வேவ், அதோட பிறந்த ஊரும் இதுதான்னு எங்காளுங்க அடிச்சு சொல்வாங்க. 1981 அக்டோபர் 15, யாங்கீஸ் மேட்ச், கிரேஸி ஜார்ஜ்ங்கற சியர்லீடர் கழுத்துல ட்ரம்மை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு பிளாக்கா எழுப்பி விட்டார். வான்கடேல, சேப்பாக்கத்துல சுத்தி சுத்தி வர்ற அலை இந்தச் சிமெண்ட் கிண்ணத்துல கிளம்பினது.

அப்புறம் ரிக்கி. ரிக்கி ஹென்டர்சன், ஓக்லாந்துலயே வளர்ந்து, இந்த ஊர் ஸ்கூல்ல படிச்ச ஆள். ஒரு பேஸ்ல இருந்து அடுத்த பேஸுக்குப் பிட்சர் அசரும்போது திருடி ஓடறதுல அவரை அடிச்சிக்க ஆளில்ல. 1991 மே 1ம் தேதி இதே தரையில 939வது தடவை ஓடி லூ பிராக்கோட ரெக்கார்டை உடைச்சார். மூணாவது பேஸைப் பிடுங்கி தலைக்கு மேல தூக்கிக் காட்டின ஃபோட்டோ ஓக்லாந்துல பாதி சலூன்ல மாட்டியிருக்கும். 2017ல தரைக்கே அவர் பேர்தான் வச்சாங்க.

நம்மாளுங்க நிறைய பேருக்கு இந்த டீமைத் தெரிஞ்சதே மணிபால்ங்கற ஹாலிவுட் படம் வழியாதான். 2002ல காசில்லாத டீம் தொடர்ந்து 20 மேட்ச் ஜெயிச்ச கதை. அந்த 20வது மேட்ச் இங்க நடந்தது, 11-0ன்னு முன்னாடி இருந்துட்டு 11-11 ஆக விட்டு, ஸ்காட் ஹேட்டபெர்க் ஹோம் ரன்ல 12-11. படத்தைப் பாத்துட்டு கம்மிக் காசுல டீம் நடத்தறதை மேனேஜ்மென்ட் பாடமா எடுக்கறாங்க. அந்தப் பாடத்தோட அடுத்த சாப்டர்தான் இந்த வாரம் நடக்குது, அதை எந்த எம்பிஏ கிளாஸ்லயும் எடுக்க மாட்டாங்க. நல்லா ஆட ஆரம்பிச்ச ஒவ்வொரு பையனையும் சம்பளம் ஏறறதுக்கு முன்னாடி வித்துடறது, டீம் தோக்கும், கூட்டம் குறையும், பாருங்க கூட்டமே வரலன்னு சொல்லி ஊரை மாத்திக்கறது.

கூட்டம் வராத ஊரா இது? 1990ல ஒரே சீசன்ல 29 லட்சம் பேர் வந்த இடம். அதே இடத்துல 1979ல, சார்லி ஃபின்லிங்கற பழைய ஓனர் டீமைக் கைவிட்ட நேரத்துல, ஒரு மேட்சுக்கு 653 பேர்தான் வந்தாங்க. ஊர் அதேதான், ஸ்டேடியமும் அதேதான். மாறினது எதுன்னு நீங்களே பாத்துக்கோங்க. போன வருஷம் ஜூன் 13ல ரசிகர்கள் தலைகீழ் பாய்காட்னு ஒண்ணு பண்ணாங்க, வராம இருக்கறதுக்குப் பதிலா எல்லாரும் வந்துடறது. செவ்வாய்க்கிழமை ராத்திரி, கடைசி இடத்துல இருக்கற டீம், 27,759 பேர், டீமை வித்துட்டுப் போன்னு ஓனருக்கு எழுதின பச்சைச் சட்டை.

ஸ்டேடியம் நல்லா இருந்துச்சுன்னு நான் பொய் சொல்லமாட்டேன். 2013ல ஒரு மேட்ச் முடிஞ்சதும் கழிவுநீர் திரும்பி வந்து ரெண்டு டீம் ஆளுங்களும் ரெய்டர்ஸோட ரூம்ல போய் குளிச்சாங்க. போன வருஷம் வெளியூர் டிவிக்காரங்க கமென்ட்ரி பண்ற ரூமுக்குள்ள ஒரு பாஸம் குடித்தனம் பண்ணிட்டு இருந்துச்சு, நம்ம பெருச்சாளி சைஸுக்கு ஒரு பிராணி. பாத்ரூம்ல வரிசையா சட்டி வைக்காம நீளத் தொட்டிதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, இதெல்லாம் பளபளன்னு இருந்திருந்தா என்னை மாதிரி ஆளை அந்த விலைக்கு உள்ள விட்டிருப்பாங்களா? ட்ரம்மைத் தூக்கிட்டு வர்றவனை விட்டிருப்பாங்களா? புளியோதரையை?

மேட்ச் 5-1 தோல்வி. யாரும் கண்டுக்கல.

வியாழன், செப்டம்பர் 26 - ஓக்லாந்து

மேட்ச் 12:37க்கு. இந்த டீமோட பகல் மேட்ச் அந்த 37ல ஆரம்பிக்கறது ஒரு பழக்கம். ஃப்ரீமான்ட்ல விடியறதுக்குள்ள கிளம்பிட்டோம், நண்பன் காரை எடுத்தான், பார்க்கிங் லாட்ல அடுப்பு போடணும்னு ஒரே பிடிவாதம். எங்களுக்கு முன்னாடியே ஊரே வந்திருக்கு. கார் டிக்கியைத் திறந்து வச்சு கறி சுடற புகை, ஸ்பீக்கர்ல ஆளுக்கொரு பாட்டு, பசங்க கேட்ச் பிடிக்கறாங்க, ஒரு கல்யாண டிரஸ்ல ஜோடி, இன்னொரு பக்கம் வேனோட மேல ஏறி ஒருத்தர் ட்ரம். நாங்க கொண்டு போன சிக்கன் 65வைக் கேட்டு வரிசை நின்னுச்சு. எனக்குத் தெரிஞ்சு ஒரு எழவு வீட்டுக்கு இவ்ளோ சந்தோஷமா ஜனங்க வந்து பாத்ததில்ல, நல்லா வாழ்ந்து போன பெரியவருக்குப் பறை அடிச்சு அனுப்புவோமே, கிட்டத்தட்ட அப்படி.

உள்ள 46,889 பேர். எங்க சீட்டு மூணாவது பேஸ் பக்கம் மேல் அடுக்கு. தேசிய கீதம் பாடினது பேரி ஜிட்டோ, 2002 டீமோட பிட்சர். முதல் பந்தைச் சம்பிரதாயமா போட வந்தது 1989 டீமோட பிட்சர் டேவ் ஸ்டூவர்ட், கூடவே ரிக்கி. ரெண்டு பேருமே ஓக்லாந்துப் பிள்ளைங்க. ரிக்கி நடந்து வர்றப்போ எழுந்த சத்தத்துல நண்பன் ஏதோ என் காதுகிட்ட கத்தினான், ஒரு எழுத்து கேக்கல.

மேட்சோட ஒவ்வொரு பந்தும் ஞாபகம் இருக்குன்னு சொல்லணும்னு ஆசைதான். இல்ல. பக்கத்துல ஒரு அம்மா, எழுபது வயசிருக்கும், மடியில நோட்டு வச்சு பென்சில்ல ஸ்கோர் எழுதிட்டே வந்தாங்க, கட்டம் கட்டமா, அவுட்டுக்கு ஒரு குறி, ரன்னுக்கு வைரம் மாதிரி ஒரு கட்டத்தை நிரப்பறாங்க. வித்துட்டுப் போன்னு ஸ்டேடியமே கோஷம் போட்டப்போகூட அவங்க பென்சில் நிக்கல. ஏழாவது இன்னிங்ஸ்ல எல்லாரும் எழுந்து கை காலை நீட்டிப் பாடற வழக்கம் உண்டு, அப்போ மட்டும் நோட்டை சீட்டுல வச்சிட்டு எழுந்தாங்க. நோட்டோட ஓரமெல்லாம் மஞ்சளா பழுத்திருந்துச்சு, எத்தனை சீசன் அதுக்குள்ள இருக்கோ. நான் கேக்கல.

ஒன்பதாவது இன்னிங்ஸ், 3-2ன்னு முன்னாடி இருக்கோம். ரெண்டு பேர் தரைக்குள்ள குதிச்சு ஓடினாங்க, புகைக்குண்டு ஒண்ணு விழுந்துது, டாய்லெட் பேப்பர் பறந்துது. கலவரம் ஆகிடுமோன்னு நிறைய போலீஸ் போட்டிருந்தாங்க, அதுக்கு மேல ஒண்ணும் ஆகல. மேசன் மில்லர் போட்ட பந்து மூணாவது பேஸ் பக்கம் உருண்டு போச்சு, பிடிச்சு முதல் பேஸுக்கு வீச, அவுட். ஜெயிச்சாச்சு. ஜெயிச்ச மேட்சுக்கு ஒரு ஸ்டேடியம் அழுது நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்.

அதுக்கப்புறம் டீம் மேனேஜர் மார்க் காட்சே மைக்கைப் பிடிச்சார். அவரும் ஒரு காலத்துல இங்க சென்டர் ஃபீல்டுல ஆடினவர்தான். உங்களை மாதிரி ரசிகர்கள் வேற எங்கயும் இல்லன்னுட்டு, கடைசியா ஒரு தடவை அந்த கோஷத்தைப் போடுவோம்னு அவரே ஆரம்பிச்சு வச்சார். லெட்ஸ் கோ ஓக்லாந்து, அஞ்சு கைதட்டு. ஓனர் கண்ணுலயே படல. நல்லதாப் போச்சு.

யாரும் வெளிய போகல. கிரவுண்ட்ஸ்மேன்கள் கோப்பையில மண்ணை அள்ளி அள்ளி முன் வரிசை ஆளுங்களுக்குக் குடுத்தாங்க. நண்பன் பொண்ணு அத்தனை படியும் இறங்கி ஓடி, கூட்டத்துல நுழைஞ்சு, யாரோ ஒரு அண்ணன் தன் கப்புல இருந்து பாதி கொட்டிக் குடுத்ததை டிஃபன் பாக்ஸ் மூடியில வாங்கிட்டு வந்துச்சு. செம்மண் கலர். வீட்டுக்குப் போய் இதுல என்ன வளக்கலாம்னு கேட்டுட்டே வந்துச்சு, அவங்கப்பா பதில் சொல்லல, கண்ணாடியைக் கழட்டித் தொடச்சிட்டே வண்டி ஓட்டினான்.

வெள்ளி, செப்டம்பர் 27 - ஓக்லாந்து ஏர்போர்ட்

ஃப்ளைட்டுக்கு நேரம் இருந்ததால காலைல வெஸ்ட் ஓக்லாந்து போய் ரைமொண்டி பார்க்கைப் பாத்துட்டு வந்தேன். ஏஸ் கிளம்பறது உறுதியானதும் ஊர்க்காரங்களே சேர்ந்து பாலர்ஸ்னு ஒரு டீம் ஆரம்பிச்சிருக்காங்க, பயனீர் லீக்ல இந்த வருஷம் முதல் சீசன். ரசிகர்களே பங்கு வாங்கலாம். சீசன் முடிஞ்சதால கேட் பூட்டு. வேலி வழியாப் பாத்தா சின்ன கிரவுண்ட்தான், சாரம் கட்டின மாதிரி ஸ்டாண்ட்ஸ், ஆனா பெயிண்ட் பச்சை மஞ்சள். நண்பன் பங்கு வாங்கப் போறானாம். நானும் கொஞ்சம் போடலாம்னு இருக்கேன், பணம் திரும்பி வரும்னு இல்ல.

இந்த ஏர்போர்ட்டுக்கு மே மாசம் பேர் மாத்த முடிவு பண்ணினாங்க, சான் ஃபிரான்சிஸ்கோ பே ஓக்லாந்துன்னு. ஓக்லாந்துன்னு போட்டா வெளியூர்க்காரங்களுக்கு எங்க இருக்குன்னு தெரியலையாம். சான் ஃபிரான்சிஸ்கோகாரங்க எங்க பேரை எடுக்காதேன்னு கேஸ் போட்டிருக்காங்க. அந்தப் பக்கம் டீம் சாக்ரமென்டோ போனதும் வெறும் அத்லெடிக்ஸ், எந்த ஊர் பேரும் முன்னாடி கிடையாதாம். 57 சீசன் பேரைச் சுமந்த ஊர் ஒரு போர்டுல கடைசி வார்த்தையா ஒட்டிக்கிட்டு இருக்கு.

சீசன் இன்னும் முடியல, இன்னைக்கு ராத்திரி சியாட்டில்ல மேட்ச் இருக்கு, மூணு மேட்ச். நம்ம பேட்டர் பிரென்ட் ரூக்கர் என்ன பண்றார்னு ஃபோன்ல பாப்பேன்னுதான் நினைக்கறேன். அடுத்த வருஷம் இவங்க ஆர்லிங்டனுக்கு வருவாங்க, போவியான்னு ஆபீஸ் மேனேஜர் இப்பவே மெசேஜ்ல கேட்டாச்சு, ஏசில உக்காந்து பாக்கலாம், டிக்கெட் அவர் செலவாம். போகலாம். பையன்கள் என்ன பண்ணுவாங்க பாவம், அவங்களா முடிவு எடுத்தாங்க. பச்சை ஜெர்சியும் போட்டுக்கிட்டுப் போவேன், முன்னாடி ஓக்லாந்துன்னு தெச்ச அதே பழசு. போர்டிங் கூப்பிடறாங்க, மிச்சம் ஃபோட்டோவெல்லாம் வீட்டுக்குப் போய் ஏத்தறேன்.